பழந்துணி இல்லாத ஊர்

மேசையில் பையைக் கவிழ்த்த பிறகுதான் உறைத்தது: என்னிடம் பழந்துணி இல்லை.

பென்சில்வேனியாவில், லாங்காஸ்டர் பக்கம் ஒரு பழைய பண்ணை வீடு. அறுவடை முடிந்த மக்காச்சோளக் காடு நாலு பக்கமும் வெறிச்சென்று கிடக்க, நடுவில் கதகதப்பான கூடம். பன்னிரண்டு பெண்கள் மூன்று நாள் தங்கித் தைக்க வந்திருந்தோம். ஆளுக்கொரு மேசை, ஆளுக்கொரு விளக்கு, நீராவி கக்கும் இஸ்திரிப்பெட்டி, எட்டு மடிப்புத் துணியை வாழைத்தண்டு மாதிரி அறுக்கும் சக்கரக் கத்தி, நினைத்தபோது காபி. வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் துணிகளைக் கொண்டுவாருங்கள் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள்.

இரண்டு வாரம் தேடினேன். இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் நைந்துபோன துணி என்று ஒன்று அகப்படவில்லை. இங்கே எதுவும் நைகிற வரைக்கும் நம்மோடு இருப்பதில்லை. அலுத்ததும் மூட்டை கட்டிக் கொண்டுபோய், பழைய துணி போடும் இரும்புப் பெட்டிக்குள் தள்ளிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு வந்துவிடுகிறோம். கடைசியில் துணிக்கடைக்குப் போய், எடை போட்டு விற்கும் வெட்டுத்துணிப் பொட்டலம் இரண்டு வாங்கினேன். யார் உடம்பையும் தொட்டறியாத துணி. கஞ்சி விறைப்பு மாறாத துணி. அதைத்தான் கந்தல் என்று சொல்லிப் பரப்பி வைத்திருந்தேன்.

பக்கத்து மேசைகளிலும் பெரும்பாலும் அதே கதை. இந்த நாட்டில் ஒட்டுப்போர்வைக்கென்றே புதுத்துணியை இரண்டரை அங்குல அகலத்தில் நாடா நாடாக வெட்டிச் சுருட்டி விற்கிறார்கள். ஐந்து அங்குலச் சதுரங்களாக அடுக்கி, ரிப்பன் கட்டியும் விற்கிறார்கள். அம்மாவைப் பெற்ற அம்மாயி பார்த்திருந்தால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்திருப்பாள்.

பழனிக்கு மேற்கே, உடுமலை சாலையில் இருக்கிறது அம்மாயியின் ஊரான நெய்க்காரப்பட்டி. கிழக்கே பார்த்தால் முருகன் மலை. தெற்கே திரும்பினால் கொடைக்கானலைத் தலையில் தூக்கிவைத்திருக்கும் மலைத்தொடர். ஆலை ஓடும் மாதங்களில் காற்றெல்லாம் கருப்பஞ்சாறு காயும் வாசம். கொப்பரையிலிருந்து இறக்கிய பாகைக் கிளறிக் கிளறி ஆற்றி, கை பொறுக்கும் பதம் வந்ததும், ஒரு சின்னச் சதுரத் துணியில் அள்ளி வைத்து, நாலு முனையையும் சேர்த்து ஒரு முறுக்கு முறுக்குவார்கள். அவிழ்த்தால் உருண்டை வெல்லம். உற்றுப் பார்த்தால் அதன்மேல் துணியின் மடிப்பு ஓடியிருக்கும், உள்ளங்கை ரேகை மாதிரி. யாரோ கட்டிப் பழசாக்கிய வேட்டியின் ரேகை. இங்கே இந்தியக் கடையிலும் வெல்லம் கிடைக்கிறது. அச்சில் வார்த்த கட்டி, ஆறு பக்கமும் வழவழவென்று. இனிக்கிறது. அவ்வளவுதான்.

அம்மாயி வீட்டில் எந்தத் துணியும் ஒரே நாளில் சாகவில்லை. சின்னாளப்பட்டிச் சுங்குடி ஒன்று வாங்கினால், முதலில் அது நல்லநாள் சேலை. சாயம் மங்கினால் வீட்டுச் சேலை. பிறகு காட்டு வேலைக்கு. பிள்ளை பிறந்தால் உத்தரத்தில் தூரி. தூரிக்குத் தாங்காது என்று ஆனதும் மெத்தைக்குள் போகும். மெத்தையிலும் இற்றது அடுப்படியில் கரித்துணியாகக் கிடக்கும். அதுவும் முடிந்தால் திண்ணை மெழுகச் சாணித்துணி. வேட்டிக்கு மட்டும் வேறு வழி இருந்தது. கிழித்துத் திரியாகத் திரித்து, கார்த்திகையன்று எண்ணெயில் எரிந்து முடியும்.

பிறந்த பிள்ளையைப் பழந்துணியில்தான் கிடத்துவார்கள். புதுசு உறுத்தும். நான் மண்ணில் விழுந்ததும் படுத்தது அம்மாயியின் பழஞ்சேலையில் என்று சொல்வார்கள். நீங்களும் அப்படித்தான் படுத்திருப்பீர்கள். கேட்டுப் பாருங்கள், கேட்க ஆள் இருந்தால்.

சேலை மெத்தை தைப்பது கோடையில். ஆசாரத்துத் தரையில் ஆறேழு பழஞ்சேலையை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, சுருக்கம் நீவி, மூலைக்கு ஒன்றாகப் பாரம் வைப்பாள். ஒரு மூலைக்கு வள்ளம், ஒரு மூலைக்குப் படி, ஒரு மூலைக்கு அம்மிக் குழவி. நாலாவது மூலைக்கு நான்.

"நவுராத, கண்ணு. நீ எந்திரிச்சயின்னா எல்லாங் கோணிக்கும்."

ஊசி கோத்துக் கொடுக்கும் உத்தியோகமும் எனக்குத்தான். அம்மாயிக்குக் கண் மங்கத் தொடங்கிய காலம் அது. பார்க்காமலே கையை நீட்டுவாள். நீட்டிய கையில் ஊசி இருக்க வேண்டும்.

ஓரத்தில் ஆரம்பிப்பாள். ஒரு சுற்று முடிந்ததும் இரண்டு விரல்கடை உள்ளே தள்ளி அடுத்த சுற்று. அப்புச்சி ஏர் ஓட்டுவதும் அப்படித்தான். வரப்போரம் தொடங்கி, சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து சேரும் சால். மேல்சேலை இற்ற இடத்தில் கைக்கு வந்ததை வைத்து ஒட்டுப் போடுவாள். ஒவ்வொரு ஒட்டுக்கும் ஒரு ஆள் இருந்தது. இது உங்க பெரியம்மா கட்டுச்சோத்துக்குக் கட்டுனது. இது உங்க மாமன் பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன்னு அழுது பொரண்ட டவுசரு. இது அப்புச்சி துண்டு. படுத்துக்கொண்டு விரலால் தடவிப் பார்த்தால் இருட்டிலேயே யாரென்று சொல்லிவிடுவேன்.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது? ஊசி ஆறு மடிப்பைத் துளைக்கும்போது ஒரு 'டப்'. நூல் முழுநீளமும் இழுபடும்போது ஒரு 'சர்ர்'. டப், சர்ர். தென்னை ஓலை அசையாத மத்தியானத்தில், சாலையில் உடுமலை பஸ் ஒன்று போய், அதன் இரைச்சலும் தேய்ந்து, கோழிகூடக் கண்ணை மூடிவிட்ட பிறகு, அது மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும். கேட்டபடியே மூலையில் உட்கார்ந்திருக்கும் நான் மெல்லச் சாய்ந்து, தைத்து முடியாத மெத்தையின் மேலேயே தூங்கிப்போவேன். அம்மாயி எழுப்பமாட்டாள். என்னைச் சுற்றித் தைத்துக்கொண்டு போவாள்.

இப்போது என் கட்டிலில் கிடப்பது நுரை மெத்தை. படுப்பவரின் உடம்பை நினைவில் வைத்துக்கொள்ளும் என்று சொல்லி விற்றார்கள். எழுந்த ஒரு நிமிடத்தில் மறந்துவிடுகிறது.

தைப்பூசத்துக்கு மேற்கேயிருந்து பாதயாத்திரை வருகிறவர்கள் எங்கள் சாலையாகத்தான் பழனிக்குப் போவார்கள். நடக்க முடியாதவர்கள் திண்ணையில் சுருண்டுகொள்வார்கள். அம்மாயி உள்ளேயிருந்து மெத்தைகளைக் கொண்டுவந்து போடுவாள். யார், எவர் என்று கேட்டதில்லை. விடிந்ததும் மடித்து வைக்கும்போது மெத்தையில் திருநீறு உதிர்ந்திருக்கும். அதைத் தட்டமாட்டாள்.

முகாமின் இரண்டாம் நாள், "இன்றைக்கு உங்கள் யாருக்கும் பழக்கமில்லாத ஒரு முறை" என்று தொடங்கினார் சொல்லிக்கொடுத்த அம்மா. எழுபது வயது இருக்கும். வெள்ளைத் தலை, விரலில் தைத்துத் தைத்து விழுந்த காய்ப்பு. அதன் பெயர் 'கவந்தி' என்றார். கர்நாடகத்தில் உத்தர கன்னட மாவட்டக் காடுகளில், எல்லாப்பூர், ஹளியாள் பக்கம் வாழும் சித்தி இனப் பெண்களின் தையல். போர்த்துகீசியர் காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கோவாவுக்குக் கொண்டுவரப்பட்டு, தப்பி மலைக்காட்டுக்குள் புகுந்தவர்களின் வழிவந்தவர்கள் அவர்களில் பலர். 2003இல்தான் அவர்களை அங்கே பழங்குடியினர் பட்டியலில் சேர்த்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் மடியில் இருக்கும் ஊர்கள் அவை. எங்கள் ஊருக்குத் தெற்கே நிற்கிற மலையும் அந்தத் தொடரின் கிளைதான். அதைத் தெரிந்துகொள்ள நான் பென்சில்வேனியா வரைக்கும் வர வேண்டியிருந்தது.

அடியில் ஒரு முழுத்துணி. மேலே வெட்டுத்துணிகள். முன்கூட்டியே அளந்து இணைத்து வைப்பதில்லை. ஒரு மூலையில் முதல் துண்டை வைத்து, ஓரத்தை உள்ளே மடித்து, ஓட்டுத் தையல் போட்டபடி போக வேண்டும். ஒரு துண்டு முடிகிற இடத்தில் அடுத்த துண்டின் விளிம்பை மடித்து மேலே ஏற்ற வேண்டும். சுற்றி வந்ததும் அடுத்த சுற்று. ஓரத்திலிருந்து நடுவுக்கு. ஒட்டுவதும் மடிப்புகளைச் சேர்த்துப் பிடிப்பதும் ஒரே தையலில்.

"வரப்போரம்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். என்னவென்று சொல்ல? ஏர், சால், ஆசாரம், நாலாவது மூலை... ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன்.

கண்ணுக்குத் தெரிந்தது கைக்கு வரவில்லை. மடிக்க மடிக்கப் பிரிந்துகொண்டது விளிம்பு. புதுத்துணி ஊசியை லேசில் உள்ளே விடுவதில்லை. இரண்டு தடவை விரலில் ஏற்றிக்கொண்டேன். காதைக் கொடுத்துக் கேட்டேன். 'டப்' வந்தது. 'சர்ர்' வரவே இல்லை. நாலு மூலையிலும் துணிச் சதுரங்களை முக்கோணமாக மடித்து, அடுக்கி, பூ வைக்க வேண்டுமாம். 'பூலா' என்பார்களாம். பூ வைக்காத போர்வை முடிந்த போர்வை ஆகாது என்பது சித்திப் பெண்களின் கணக்கு. நான் மூன்று மூலைக்குப் பூ வைத்தேன். நாலாவது மூலைக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. அந்த மூலைக்குப் பாரமாக உட்கார்ந்தவள் நான். இங்கே வந்து நாலு வீடு மாறிவிட்டேன், மூன்று மாநிலம் மாறிவிட்டேன். நவுராத என்று ஒருவரும் சொன்னதில்லை.

அன்று ராத்திரி திரையில் படங்கள் காட்டினார்கள். அலபாமாவில் கீஸ் பெண்ட் என்ற கறுப்பின மக்களின் ஊர். 2002இல் அந்த ஊர்ப் பெண்களின் போர்வைகளை நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் ஓவியங்கள் போலச் சுவரில் மாட்டி உலகத்துக்குக் காட்டியது. அந்த ஊரில் மிசூரி பெட்வே என்று ஒரு பெண். கணவர் இறந்துபோன பிறகு, 1942இல், அவர் காட்டில் உழைத்த சட்டையையும் கால்சட்டையையும் பிரித்து ஒரு போர்வை தைத்தார். அவர் நினைவாகப் போர்த்திக்கொள்ள. படத்தில் பார்த்தபோது வெளுத்த நீலத்துக்கு நடுவே, பாக்கெட் பிரித்தெடுத்த இடம் மட்டும் வெளுக்காமல் பளிச்சென்று தெரிந்த மாதிரி இருந்தது எனக்கு.

கூடத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். எனக்கு அழுகை வரவில்லை. பொறாமை வந்தது.

எங்கள் பக்கம் செத்தவர் படுத்த பாயையும் மெத்தையையும் வீட்டில் வைப்பதில்லை. அன்றைக்கே கொண்டுபோய் மயானத்து ஓரம் எறிந்துவிடுவார்கள். அம்மாயி போனபோது நான் ஊர் போய்ச் சேர்ந்தது பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான். ஆசாரத்தைக் கழுவி விட்டிருந்தார்கள். தரை பளபளவென்று இருந்தது. யாரையும் நொந்து பயனில்லை. வழக்கம். ஆனால் அந்த மெத்தைக்குள் அம்மாயி மட்டுமா இருந்தாள்? பெரியம்மாவின் கட்டுச்சோறு இருந்தது, மாமனின் அழுகை இருந்தது, அப்புச்சி இருந்தார். என் தூக்கம் இருந்தது. எல்லாரையும் சேர்த்துத்தான் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

மூன்றாம் நாள் எல்லாருடைய கவந்தியும் நடுவில் வந்து முடிந்தது. என்னுடையதில் நட்டநடுவில் உள்ளங்கை அகலம் வெறுமனே இருந்தது. பொட்டலத்தில் துணி இல்லாமல் இல்லை. எதை வைத்தாலும் சேரவில்லை.

ராத்திரி அம்மாவைக் கூப்பிட்டேன். அங்கே விடிந்து ஏழு மணி.

"ஏம்மா, அம்மாயி மெத்தையில ஏதாச்சும் மிச்சம் இருக்குதா?"

"எந்த மெத்தை?"

"அதான், சேலை மெத்தை."

"அது போயி நாலு வருசமாச்சே, கண்ணு." கொஞ்சம் யோசித்தாள். "அதுக்கு முன்னாடியே ஓரம் இத்துப்போச்சுன்னு எங்கம்மா ஒரு முழம் வெட்டிக் குடுத்துச்சு. அடுப்படியில கரித்துணியாக் கெடக்குது. போன தடவ நீ வந்தப்பக்கூட அதப் புடிச்சுத்தான காப்பிப் போசிய எறக்குன?"

எறக்கினேனாம். என் கையில் இருந்திருக்கிறது. சூடு படாமல் பார்த்துக்கொண்டேனே தவிர, விரல் எதையும் தடவிப் பார்க்கவில்லை. இருட்டிலேயே ஆள் சொல்லும் விரல்.

"அத எனக்கு அனுப்பி வைம்மா."

அம்மா சிரித்தாள். "கரித்துணியப் போயி யாராச்சும் பார்சல்ல அனுப்புவாங்களா? எண்ணெய்ப் பிசுக்கு, நாத்தம். நாலு சுங்குடி புதுசா வாங்கி அனுப்பறேன், இரு."

"புதுசு வேண்டாம்மா."

"இரு கண்ணு, இரு, பாலு பொங்குது..."

போனை எங்கோ வைத்துவிட்டுப் போனாள். பாத்திரம் இறங்கும் சத்தம் கேட்டது. தூரத்தில் ஒரு பஸ் ஹாரன். நான் வைக்கவில்லை.