இலைக்குள் ஒரு குடித்தனம்

உங்கள் வீட்டில் எலுமிச்சைச் செடி இருக்கிறதா? இருந்தால் போய் அதன் துளிர் இலையைப் பாருங்கள். நத்தை ஊர்ந்தாற்போல வெள்ளியாய் ஒரு கோடு வளைந்து வளைந்து ஓடுகிறதா? சரிதான், இலைக்குள் குடித்தனம் வந்தாச்சு.

எங்கள் மொட்டைமாடித் தொட்டியில் அதைப் பார்த்ததும் பதறிப்போய்க் கடைக்கு ஓடினேன். 'எல்லாப் பூச்சிக்கும் இதான் சார்' என்று கொடுத்த மருந்தை சர்சர்ரென்று அடித்துவிட்டு ஆபீஸ் போய்விட்டேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

சாயங்காலம் திரும்பினால், அம்மா நீர்மோர் கலக்கி வைத்திருக்கிறாள். மேலே மிதக்கிறது, அதே செடியின் இலை! மகள் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோய்விட்டாள். தட்டிப் பறித்தேன். கூடம் முழுக்க மோர். 'என்னடா ஆச்சு உனக்கு?' என்றாள் அம்மா. எனக்குப் பேச்சே வரவில்லை.

யார்மேல் மருந்தடித்தேன் என்று அன்று ராத்திரிதான் படித்துப் பார்த்தேன். வேலைக்காகாத வரிசை, தெரியும்!

ஆசாமி ஒரு அந்துப்பூச்சி. இலைத் துளைப்பான் என்பார்கள். இறக்கையை விரித்தால் 4 மில்லிமீட்டர், அவ்வளவுதான். 1856-ல் ஸ்டெயின்டன் என்ற ஆங்கிலேயர் 'ஃபில்லோக்னிஸ்டிஸ் சிட்ரெல்லா' என்று பெயர் வைத்தார். பூச்சி கிடைத்தது நம் கல்கத்தாவில்.

தாய்ப்பூச்சி அந்தி, விடியல் நேரங்களில் பறந்து, இளந்துளிரில் ஒவ்வொன்றாக முட்டையிடும். முட்டையைவிட்டு வருகிற புழு நேராக இலைத்தோலுக்கு அடியில் நுழைந்துவிடும். தின்றுகொண்டே போகும் பாதைதான் அந்த வெள்ளிக்கோடு. நடுவில் கறுப்பாய்த் தெரிவது அதன் எச்சம். வயிறு நிறைந்ததும் இலை ஓரத்தைப் பட்டு நூலால் மடித்துக்கொண்டு உள்ளே கூட்டுப்புழுவாகிறது. நல்ல வெயில் காலத்தில் 13 நாளில் கதை முடிந்து புதுப்பூச்சி வெளியே வந்துவிடும். குளிரில் 52 நாள்கூட ஆகலாம்.

நாம் அடிக்கும் பல மருந்துகள் இலையின் மேலேயே தங்கிவிடும். புழு உள்ளே சௌக்கியமாக இருக்கும். சாவது, அந்தப் புழுவைக் கொல்ல வரும் குட்டிக் குளவிகள்! 1993-ல் இந்தப் பூச்சி ஃபுளோரிடாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது, மறுவருஷமே ஆஸ்திரேலியாவிலிருந்து அப்படியொரு குளவியைத் தருவித்தார்கள்.

முற்றிய இலையை இது சீண்டாது. வளர்ந்த மரம் தாங்கிக்கொள்ளும். சின்னச் செடிக்குத்தான் கஷ்டம். புண்பட்ட இலையில் சொறிநோயும் நுழையலாம். தொட்டிச் செடிதானே, கோடு விழுந்த துளிரைக் கிள்ளிப் போட்டால் போதும்.

மறுநாள் அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். ஒரு பார்வை பார்த்தாள். 'புழு தின்ன இலையை நான் எப்பவும் தூரப் போட்டுடுவேன். நேத்து நல்ல இலையாப் பாத்துத்தான்டா பறிச்சேன்.'

மருந்து அடித்தால் வீட்டில் சொல்லிவிடுங்கள். முதலில் அதைச் செய்யுங்கள்.