எண்ணெய் குடிக்கும் வாள்

சங்கிலி ரம்பத்தைக் கேரளத்தில் ‘மெஷீன் வாள்’ என்கிறார்கள். தமிழில் வாள் என்றதும் போர்க்களம் நினைவுக்கு வருகிறது. மலையாளத்தில் அது இன்றும் தச்சனின் கருவி. நம்முடைய ‘வாளரம்’ என்ற பழஞ்சொல்லிலும் அந்தப் பொருள் தங்கியிருக்கிறது.

இடுக்கி மலைச்சரிவில் மரம் அறுத்துப் பிழைக்கும் ஒருவரின் திண்ணையில் அத்தகைய வாள் ஒன்று உண்டு. ஏலத்தோட்டங்களில் நிழல் மரங்களின் கிளை கழிக்கவும், மழைக்காலத்தில் சாலையில் சாய்ந்த மரங்களை அகற்றவும் அவரை அழைக்கிறார்கள். வயது ஐம்பதைக் கடந்தவர். அவருடைய வாளுக்கு இரண்டு தாகங்கள். ஒரு லிட்டர் பெட்ரோலில் 20 மில்லி 2டி ஆயில் கலந்து ஊற்றுவது எஞ்சினுக்கு. சங்கிலிக்கான எண்ணெய்க்குத் தனித் தொட்டி. சங்கிலி சுற்றி ஓடும் நீண்ட தகட்டை ‘பார்’ என்பார்கள். இரண்டாம் எண்ணெய் அதன் விளிம்புப் பள்ளத்தில் கசிந்து, சங்கிலியை நனைத்து, மரத்தூளோடு மண்ணில் விழுந்துவிடும். திரும்பி வராது.

திரும்பி வராத எண்ணெய்க்கு எதற்குக் காசு? இந்தக் கணக்கில்தான் பலர் வண்டிகளிலிருந்து வடித்த பழைய எஞ்சின் ஆயிலை அதில் ஊற்றுகிறார்கள். அவரும் பல ஆண்டுகள் சாலையோரப் பட்டறை ஒன்றிலிருந்து இலவசமாக வாங்கி ஊற்றியவர். எதிர்ப்பு கல்லூரியில் படிக்கும் மகளிடமிருந்து வந்தது. இயந்திரத்தோடு வந்த ஆங்கிலக் கையேட்டை அந்த வீட்டில் படிக்கக்கூடியவள் அவள் ஒருத்திதான். கையேடு முழுவதும் ஏவல் வாக்கியங்கள். அச்சனிடம் ஏவல் பேச முடியுமா? ஆகவே அவள் ‘ஒழிக்கருதத்ரே’ என்றாள். நம் வழக்கில் ‘ஊற்றக்கூடாதாம்’. கட்டளை, யாரோ சொன்ன செய்தியாக மாறி அவர் காதில் விழுந்தது. எனினும் விழுந்தது.

காரணங்கள் எளியவை. பழைய ஆயிலில் உலோகத் துகள்களும் புற்றுநோய் விளைவிக்கக்கூடிய சேர்மங்களும் இருக்கின்றன. அசுர வேகத்தில் ஓடும் சங்கிலி அதை நுண்துளிகளாகத் தெறிக்கவைக்கும். அவை படிவது அறுப்பவரின் கையிலும் முகத்திலும் மூச்சிலும். அதற்கென விற்கும் எண்ணெயில் சங்கிலியை விட்டு எளிதில் சிதறாதபடி ஒட்டும் தன்மை சேர்க்கப்பட்டிருக்கிறது. தேங்காய் எண்ணெய் ஊற்றினால் என்ன என்று மகள் கேட்டபோது அவர் சிரித்தார். ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். மார்கழிக் காலையில் எண்ணெய்த் துளை அடைத்துக்கொள்ளும். அந்த ஒரு விஷயத்தில் கையேட்டைவிட அவர் அறிவாளி.

மாலையில் நடக்கும் பராமரிப்பில் அவர் அவசரப்படுவதில்லை. எஞ்சினை அணைத்து, ஆறவிட்டு, ஸ்பார்க் பிளக்கின் தொப்பியைக் கழற்றிய பிறகே சங்கிலியைத் தொடுகிறார், அதுவும் கையுறையோடு. ஓடாத சங்கிலியும் விரலைக் கிழிக்கும். பாரின் பள்ளத்தில் அப்பிய தூளைச் சுரண்டி எடுக்கிறார். எண்ணெய்த் துளையைத் துடைக்கிறார். ஒரு பக்கமே தேயாதிருக்க அவ்வப்போது பாரைப் புரட்டி மாட்டுகிறார். பிறகு அரம். கூர் மங்கியதை அவர் பல்லைப் பார்த்து அறிவதில்லை, பகலில் விழுந்த தூளைப் பார்த்து அறிகிறார். நல்ல சங்கிலி செதில் செதிலாகச் சீவும். மழுங்கியது மாவாகத் தள்ளும், அப்போது அறுப்பவர் தன் உடல் எடையைக் கொடுத்து அழுத்த வேண்டியிருக்கும். விபத்து பெரும்பாலும் அந்த அழுத்தத்தில் காத்திருக்கிறது. உருண்டை அரத்தை உள்ளிருந்து வெளிநோக்கி மட்டும் தள்ளுகிறார். ஒரு பல்லுக்கு மூன்று தள்ளல் என்றால் எல்லாப் பல்லுக்கும் மூன்று. எண்ணிக்கை பிசகினால் வெட்டு ஒரு பக்கமாக வளைந்து போகும். சங்கிலியின் இறுக்கம் கடைசி வேலை: கையால் இழுத்தால் ஓட வேண்டும், தூக்கினால் பள்ளத்தை விட்டு முழுதாக வெளியே வரக் கூடாது. வேலை முடிந்து சூடாக இருக்கும்போதே அதைச் சற்றுத் தளர்த்திவிடுவார். குளிர்ந்து சுருங்கும் சங்கிலி பாரை இறுக்கிப் பிடித்துக் கெடுக்கும்.

மறுநாள் வேலைக்கு முன் ஒரு சோதனை உண்டு. ஓடும் வாளின் நுனியை வெளிர் அட்டை ஒன்றின் மேல், தொடாமல், சில நொடி பிடிப்பார். அட்டையில் மெல்லிய எண்ணெய்க் கோடு விழுந்தால் சரி. விழாவிட்டால் அன்று அறுப்பு தொடங்காது.

நல்ல எண்ணெயின் விலையைக் கூலியோடு சேர்த்துக் கேட்கத் தொடங்கியதில் இரண்டு தோட்டக்காரர்கள் வேறு ஆளைத் தேடிக்கொண்டார்கள். அது அவருக்குச் சிறிய இழப்பல்ல. பட்டறையிலிருந்து கடைசியாக வாங்கிய பழைய ஆயில் கேன், பாதி நிறைந்தபடி, வீட்டின் பின்புறம் பலாமரத்தடியில் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் விதிகளின்படி அது அபாயக் கழிவு, மண்ணில் கொட்டலாகாது. பட்டறைக்காரர் திரும்ப வாங்க மறுத்துவிட்டார். மகள் மூடியை இறுக்கி, அதன் மேல் ஒரு கல்லையும் வைத்திருக்கிறாள்.