சேவலைப் பிரிங்க என்றேன்

2012 அக்டோபர் கடைசி. பெருந்துறைப் பக்கம் ஒரு கால்நடை மருந்தகத்தில் உதவி மருத்துவராக இருந்தேன். ஒரு மாட்டுக்குச் சினை ஊசி போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் கைபேசி அடித்தது. தோள்வரை உறை மாட்டிய கை மாட்டுக்குள் இருந்ததால், உதவியாளர்தான் அதை என் காதில் வைத்துப் பிடித்தார்.

"டாக்டருங்களா? எங்க ஈமுக்கோழி ஒண்ணையொண்ணு ஒதைச்சுக்குதுங்க. பொட்டையும் பொட்டையும்."

"பொட்டை எங்கயாச்சும் அடிச்சுக்குமாம்மா? சேவலாத்தான் இருக்கும். ஒரு சேவலைப் பிரிச்சு வேற பட்டியில விடுங்க."

"இல்லீங்க, நெஞ்சுக்குள்ள டொம்டொம்னு கொட்டுறது பொட்டைதானுங்களே. அதுக ரெண்டும்தான்..."

"சொன்னதைச் செய்யுங்கம்மா. நான் வந்து பார்க்கிறேன்."

அந்த அம்மா சொன்னது சரி. இரண்டு வருடமாகத் தினமும் அந்தப் பறவைகளின் முகத்தில் விழித்தவர் அவர். நான் கோழிக்குப் பேர்போன நாமக்கல்லில் படித்தவன். எனக்குத் தெரிந்த கோழி உலகத்தில் சண்டை போடுவது சேவல்.

ஈமுவில் அது தலைகீழ். கழுத்திலுள்ள காற்றுப்பையிலிருந்து முரசு கொட்டுவதுபோல ஒலி எழுப்புவது பெட்டை. சேவல் பன்றிபோல உறுமும், அவ்வளவுதான். துணை தேடிப் போவது பெட்டை, அந்தத் துணைக்காக மற்றப் பெட்டையை உதைப்பதும் பெட்டை. கரும்பச்சை முட்டைகளை இட்டு வைத்துவிட்டு அது தன் வழியில் போய்விடும். சேவல்தான் ஏறக்குறைய எட்டு வாரம் சரியாகத் தின்னாமல் குடிக்காமல் அடைகாக்கும். ஆஸ்திரேலியாவில் அவற்றின் இணைசேரும் காலம் அந்த ஊர்க் குளிரை ஒட்டியது. நம் ஊரில் ஐப்பசி பிறந்து மாலைக்காற்று குளிரத் தொடங்கியதும் பெட்டைகள் கொட்ட ஆரம்பித்துவிடும். இதையெல்லாம் நான் படித்தது அந்தப் பறவை செத்த பிறகு.

அவர்கள் பட்டியில் இருந்தது இரண்டு ஜோடி. அதில் ஒரு சேவலைப் பிரித்தால் மிச்சம் என்ன? ஒரு சேவலுக்கு இரண்டு பெட்டை. உரசலாக இருந்ததைப் போராக்கியது என் தொலைபேசி வைத்தியம்.

அவர்கள் ஏன் இரண்டு ஜோடியை ஒரே பட்டியில் விட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஈமு நிறுவனத்தில் ஒன்றரை லட்சம் கட்டினால் ஜோடி ஜோடியாகக் குஞ்சு, கொட்டகை, கம்பிவேலி, தீவனம், மாதாமாதம் பராமரிப்புப் பணம் என்று கொங்கு நாடே மயங்கிக் கிடந்த காலம் அது. எண்ணெய்க்கு விலை, தோலுக்கு விலை, இறகுக்கும் விலை என்றார்கள். "போடலாமுங்களா டாக்டர்?" என்று என்னிடமே எத்தனையோ பேர் கேட்டார்கள். "தெரியாதுங்க" என்று சொல்லியிருக்கலாம். "நல்லாக் கவனிச்சா வருமுங்க" என்றேன். எதற்கும் பொருந்துகிற பதில்.

2012 ஆகஸ்டில் எல்லாம் கவிழ்ந்தது. பணமும் வரவில்லை, தீவனமும் வரவில்லை. வளர்ந்த பறவை ஒன்றுக்கு நாளுக்கு முக்கால் கிலோ தீவனமாவது வேண்டும். அந்த அம்மா முருங்கைத்தழையும் மக்காச்சோளமும் பழைய சோறும் போட்டுப் பார்த்தார். இரண்டு தொட்டியில் போட்டு மாளாமல், நடுப்படலைத் திறந்து எல்லாவற்றையும் ஒன்றாக விட்டார். மிச்சம் பிடிக்க அவர் செய்தது அது ஒன்றுதான்.

"வந்து பார்க்கிறேன்" என்றவன் மூன்றாம் நாள்தான் போனேன், அதுவும் காலை முகாமை முடித்துவிட்டு உச்சிவெயிலில். பெட்டை ஒன்றின் வலது தொடையில் ஒரு சாண் நீளத்துக்குத் தோல் கிழிந்து, மடித்த துண்டுபோலத் தொங்கியது. உள்ளே புழு. பார்க்க பயங்கரம், ஆனால் பிழைக்கக்கூடிய காயம். பறவைத் தோல் நன்றாகவே ஆறும்.

"பிடிங்க" என்றேன்.

நூறடி நீளப் பட்டி. அவர் கணவர், பக்கத்துத் தோட்டத்துப் பையன்கள் மூன்று பேர், என் உதவியாளர். கையில் கயிறும் சாக்கும். ஏறக்குறைய முக்கால் மணி நேரம் துரத்தினோம். அது வேலியில் மோதி விழுந்து, எழுந்து, மறுகோடிக்கு ஓடியது. வாயைப் பிளந்து இரைத்தது. ஒரு கட்டத்தில் அந்த அம்மா, "கொஞ்சம் நிப்பாட்டலாமுங்களா, வெயிலா இருக்குதுங்க" என்றார். மாலையில் இன்னோர் ஊருக்குப் போக வேண்டியிருந்தது. "இதோ ஆச்சும்மா" என்றேன். கடைசியில் மூலையில் விழுந்த பறவையின்மேல் நான்கு பேர் ஏறி அமர்ந்தார்கள்.

புழுவை எடுத்து, கழுவி, தைத்தேன். பதினொரு தையல். மூன்று நாள் பழைய அழுக்குப் புண்ணை இறுக்கி மூடித் தைக்கக் கூடாது என்பது கல்லூரிப் பையனுக்கே தெரியும். ஆனால் சுற்றிலும் பத்துப் பேர் நின்று பார்க்கும்போது, கழுவித் திறந்துவிட்டுப் போனால் அது வைத்தியம் மாதிரித் தெரியாது. கன்றுக்குட்டிக் கணக்கில் ஓர் ஆன்டிபயாட்டிக் ஊசியும் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

அன்றிரவு அது எழவில்லை. மறுநாள் காப்பி நிறத்தில் சிறுநீர் போனதாக ஃபோனில் சொன்னார்கள். அதற்கு மறுநாள் விடியலில் செத்துப்போனது.

நிறுவனத்தின்மேல் புகார் கொடுத்திருந்ததால், செத்த பறவைக்குப் பிரேதப் பரிசோதனை அறிக்கை கேட்டார்கள். நான்தான் அறுத்தேன். காயம்பட்ட வலது தொடையை விட்டுவிட்டு, கீறல்கூட இல்லாத இடது தொடையைத் திறந்தேன். ஈமுவின் சதை மாட்டிறைச்சிபோல அடர்சிவப்பாக இருக்க வேண்டும். இது பட்டை பட்டையாக வெளுத்து, வெந்நீரில் போட்டெடுத்த கறிபோல இருந்தது. நாய்கள் துரத்தி ஊருக்குள் வந்து விழுந்து செத்த ஒரு புள்ளிமானில் இதே சதையைப் பார்த்திருக்கிறேன். அளவுக்கு மீறி ஓடி மிரண்ட பிராணியின் தசை தானே சிதையும். அந்தச் சிதைவு இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். காப்பி நிறத்துக்கு அர்த்தம் அதுதான். அறுத்த அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது.

மரணக் காரணம் என்ற இடத்தில், "சண்டையில் ஏற்பட்ட காயம், அதனால் உண்டான சீழ்த்தொற்று, அதிர்ச்சி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்த அம்மா படலைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நான் தொறந்து விட்டதாலதானுங்களா?"

"சேர்த்து விட்டிருக்கக் கூடாதும்மா" என்றேன்.

அவர் கணவர் அவரைப் பார்த்த பார்வையை நானும் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன். "கொலைகாரப் பொட்டை" என்று பேர் வாங்கிய மற்றதை அந்த வாரமே கறிக்குக் கொடுத்துவிட்டார்களாம்.

ஈமுவை எப்படிப் பிடிப்பது என்று பிற்பாடு எனக்குக் கற்றுக்கொடுத்தவர் வேறொரு பண்ணையில் வேலை பார்த்த ஒரு பெரியவர். அங்கேயும் ஒரு பறவைக்குப் புண். விடிகாலை, வெயில் ஏறும் முன். இரண்டு பலகையால் மெல்ல மூலையை ஒடுக்கினார். ஈமுவின் கால் பெரும்பாலும் முன்னோக்கி வெட்டும் என்பதால் பின்னால் போய், இத்தனூண்டு இறக்கைகள் இரண்டையும் பிடித்து உடம்பைத் தன் மார்போடு அணைத்துக்கொண்டார். விரல்பகுதியை வெட்டிய பழைய காலுறை ஒன்றை அதன் அலகு வழியாக நுழைத்துக் கண்ணை மூடினார். மூச்சுவிட அலகு மட்டும் வெளியே. பறவை அப்படியே நின்றது. மொத்தம் மூன்று நிமிடம் இருக்கும். நான் உப்புநீரில் புண்ணைக் கழுவி, தைக்காமல், ஈ மொய்க்காமலிருக்க மருந்தடித்து விட்டேன். அதைத் தனியே நிழலில் கட்டாமல் அடைத்து வைத்தார். ஆறிவிட்டது.

சில வருடங்கள் கழித்து ஓர் ஆட்டுக்குட்டியோடு முகாமுக்கு அந்த அம்மா வந்தார். "இதை நல்லாப் பாருங்க டாக்டரே, ஏற்கெனவே ஒண்ணை நானே கொன்னுபோட்டேன்" என்று சிரித்தபடி சொன்னார். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். நான் குட்டிக்குக் குடற்புழு மருந்து ஊற்றி, அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.

அறிக்கையின் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் நான் எழுதியிருக்க வேண்டியது: வெயிலில் துரத்திப் பிடித்ததால் ஏற்பட்ட தசைச் சிதைவு. பிடிக்கச் சொன்னவன் நான். சேவலைப் பிரிக்கச் சொன்னவனும் நான்.