வேலி இல்லாத கோரிக்கை

ஊர்ப் பள்ளிவாசல் ஸகாத் நிதியின் கல்வி உதவிக்கு, உயர்தர ஐசிடி பிள்ளைகளோடு சேர்ந்து நாங்கள் ஒரு விண்ணப்பப் பக்கம் செய்கிறோம். பெயரும் சான்றிதழ்ப் படமும் ஒரே கோரிக்கையில் போக வேண்டும். அதற்குத்தான் மல்டிபார்ட். பகுதிகளுக்கு நடுவே 'பவுண்டரி' என்ற எழுத்துச்சரம் வேலிபோல நிற்கும். சேர்வர் அதைப் பார்த்துத்தான் பிரிக்கும்.

பைதன் ரிக்வெஸ்ட்ஸ் பாவிக்கும் பிள்ளைகள் கன்டென்ட்-டைப் ஹெடரைத் தாங்களே எழுதிவிடுவார்கள் (வடிவாக எழுதியிருப்பார்கள், அதுதான் பாவம்). பவுண்டரி விடுபட்டுவிடும். பிறகு சேர்வருக்குப் பெயருமில்லை, படமுமில்லை. அந்த வரியை எடுத்துவிட்டால் லைப்ரரியே சரியாக எழுதிக்கொள்ளும்.

"பேஸ்64 ஆக்கி ஜேசனில் அனுப்பலாமே சேர்?" என்றாள் ஒருத்தி. அனுப்பலாம். ஆனால் 3 எம்பி படம் 4 எம்பி ஆகும். ரீலோட் போட்டு விண்ணப்பிக்கிற உம்மாமார்தான் இங்கே கூட. மல்டிபார்ட்டிலேயே நிற்கிறோம்.