இறங்கிப் பாருங்க!

வாகனம் ஓட்டுவது ஆண்களின் விடயம், இதைப் போய் குடும்பப் பத்திரிகையில் இந்த மௌலவி ஏன் எழுதுகிறார் என்று நினைத்து விடாதீர்கள். அந்த வாகனத்தில் பிள்ளைகளை அணைத்தபடி அமர்ந்திருப்பது நீங்கள்தானே! அதனால்தான் வெட்கத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு எழுதுகிறேன்.

என் மச்சானிடம் ஒரு பழைய கெப் வாகனம் இருந்தது. அதன் பின்பெட்டியில் பலகை அடித்து, கூரை போட்டு, மெத்தை விரித்து ஒரு குட்டி வீடாகவே ஆக்கியிருந்தார். அமெரிக்கா, அவுஸ்திரேலியா போன்ற நாடுகளில் இப்படி அறை சுமந்த வாகனங்களில் குடும்பம் குடும்பமாக ஊர் சுற்றுவார்கள். 2017 ஒக்டோபரில் அதை இரவல் வாங்கிக்கொண்டு மனைவி மக்களோடு ஹந்தானைக்குப் புறப்பட்டேன்.

ஹந்தானை கண்டிக்காரர்களுக்குப் புதிதல்ல. அடிவாரத்தில் பேராதனைப் பல்கலைக்கழகம். மேலே தேயிலையும் புல்வெளியும். 2010இல் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட மலைத்தொடர். 1925இல் கட்டப்பட்ட தொழிற்சாலையில் இயங்கும் தேயிலை நூதனசாலையைத் தாண்டி, ஒரு தோட்டப் பாதையில் திரும்பினேன். முதல்நாள் பெய்த மழையில் பாதை சேறாகிக் கிடந்தது.

"இறங்கி நடந்து பார்த்துட்டுப் போங்களேன்" என்றாள் மனைவி.

"அல்லாஹ் இருக்கிறான், பயப்படாதே" என்றேன். ஒட்டகத்தைக் கட்டிய பிறகே தவக்குல் என்று வகுப்பில் பாடம் நடத்துகிறவன் நான்!

இருபது யார் போயிருப்போம். பின்பக்கம் பள்ளத்தை நோக்கி வழுக்கியது. பதறிப்போய் பிரேக்கை மிதித்தேன், இன்னும் வழுக்கியது. எக்சிலேட்டரை மிதித்தேன், சில்லு சுழன்று சுழன்று குழி பறித்தது. பின் அறையில் இருந்த இரண்டு பிள்ளைகளும் "வாப்பா!" என்று கதறினார்கள். அந்த அறையின் கதவுக்குக் கொண்டி வெளிப்பக்கம்தான் இருந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மனைவி செருப்பையும் விட்டுவிட்டு முழங்கால் சேற்றில் இறங்கி ஓடி, கதவைத் திறந்து பிள்ளைகளை வெளியே எடுத்தாள். நானோ ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உறைந்து போயிருந்தேன்.

சத்தம் கேட்டு லயத்திலிருந்து தோட்டத்து மக்கள் ஓடிவந்தார்கள். "மிதிக்காதீங்க ஐயா, மிதிக்க மிதிக்கப் புதையும்" என்றார் ஒரு பெரியவர். சில்லைச் சுற்றிச் சேற்றை வழித்தெறிந்து, கல்லும் சாக்கும் போட்டு, வந்த வழியே மெதுவாகப் பின்னுக்கு எடுக்க வைத்தார்கள். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. பிள்ளைகளின் காலில் ஏறியிருந்த அட்டைகளை உப்பு வைத்து எடுத்துவிட்டு, எங்களுக்கு பிளேன்டீயும் தந்தார்கள்.

சகோதரிகளே, நான் பட்டுத் தெளிந்ததைக் கேளுங்கள். அறை சுமந்த வாகனத்தில் பாரம் உயரத்திலும் பின்னாலும் இருக்கும்; சரிவில் சீக்கிரம் சாயும். சேற்றைக் கண்டால் முதலில் இறங்கி, தடியால் ஆழம் பாருங்கள். நான்கு சில்லும் இழுக்கும் வசதி இருந்தால் சேற்றில் இறங்கும் முன்பே போட வேண்டும். சின்னக் கியரில், நிறுத்தாமல், ஒரே சீராகப் போக வேண்டும். இறக்கத்தில் பிரேக்கை நம்பாமல் கியரைக் கொண்டு வேகத்தை அடக்க வேண்டும். ஓடும் வாகனத்தின் பின் அறையில் பிள்ளைகளை ஒருபோதும் வைக்காதீர்கள். இரவு தங்கினால் எஞ்சினையோ அடுப்பையோ எரியவிட்டுத் தூங்காதீர்கள். அந்தப் புகையில் உள்ள நஞ்சு மணமில்லாமல் உயிரைக் குடிக்கும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருந்தால் பயணமே வேண்டாம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது கண்டி மாவட்டம் பறிகொடுத்த உயிர்களை நாம் மறக்கலாமா?

அன்று வீடு திரும்பும் வரை மனைவி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் என்னை அதிகம் சுட்டது. இப்போதும் மழைப் பாதையில் அவள் "இறங்கிப் பாருங்க" என்பாள். நான் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு மறுபேச்சின்றி இறங்கிவிடுவேன்.

உங்கள் வீட்டுக்காரர் இறங்க மறுத்தால் இந்தப் பக்கத்தை அவரிடம் கொடுங்கள். அல்லாஹ் நம் அனைவரின் பயணங்களையும் பாதுகாப்பானாக! ஆமீன்.