தாகம்

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு தவக்கால மாலை. மார்பகப் புற்றுநோயால் படுக்கையில் கிடந்த தாய் ஒருவருக்கு நோயில் பூசுதல் வழங்க அழைத்திருந்தனர். நாள் தவறாமல் திருப்பலிக்கு வந்தவர், அன்று என்னை அடையாளம் காணவில்லை. நற்கருணையை நீட்டியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். "தண்ணி, தண்ணி" என்று மட்டும் முனகினார்.

"குடுத்தா வாந்தி எடுக்கிறாங்க சாமி, படுக்கையும் நனைஞ்சிபோவுது. அதான் குறைச்சிட்டோம்" என்றார் மருமகள். நானும் தலையசைத்தேன். கடவுள்மீது கொண்ட மனத்தாங்கலே அவரை அவ்வாறு திருப்பியது என்றெண்ணி, அன்றிரவு அவருடைய மனமாற்றத்திற்காகச் செபித்தேன். நான் கற்ற இறையியல் அவ்வளவுதான் உதவியது!

மறுநாள் மருத்துவமனையில் இரத்தத்தைச் சோதித்தனர். 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராம் அளவில் நிற்க வேண்டிய கால்சியம், 15ஐத் தாண்டியிருந்தது. வீட்டார் பாலையும் சத்து மாத்திரையையும் குறை கூறினர். மருத்துவர் மறுத்தார். கழுத்தில், தைராய்டுக்குப் பின்னே, அரிசிமணியளவில் நான்கு சுரப்பிகள் உள்ளன. கால்சியத்தின் அளவைக் காப்பவை அவையே. அவற்றின் சுரப்பைப் போலவே நடிக்கும் ஒரு புரதத்தைச் சில புற்றுக்கட்டிகள் உண்டாக்குகின்றன. 1987இல்தான் அதை இனங்கண்டார்களாம். அந்தப் போலிக் கட்டளைக்குப் பணிந்து எலும்பு கரைகிறது. சிறுநீரகமும் கால்சியத்தை வெளியேற்றாமல் தேக்குகிறது. புற்று எலும்பிலேயே பரவியிருந்தால், அவ்விடத்திலேயே அரிப்பு நிகழ்கிறது. மிகுந்த கால்சியம் சிறுநீரகத்தின் நீர்காக்கும் ஆற்றலைக் கெடுப்பதால் நீர் ஓயாமல் பிரிகிறது, உடல் வறள்கிறது, வறள வறளக் கால்சியம் மேலும் ஏறுகிறது. குமட்டலும் மயக்கமும் மனக்குழப்பமும் அதன் விளைவுகளே.

ஆக, அவர் கேட்ட தண்ணீரே அவருக்கு முதல் மருந்து. அதைத்தான் நாங்கள் மறுத்திருந்தோம். பெரிய வெள்ளியன்று சிலுவையின் ஐந்தாம் வார்த்தையைப் பற்றி எத்தனை முறை மறையுரை ஆற்றியிருப்பேன்! ஆன்மாக்கள்மீது ஆண்டவர் கொண்ட தாகம் என்றே விளக்கம் தருவேன். நாவறண்ட ஒரு மனிதனின் தாகம் என்று ஒருமுறையும் சொன்னதில்லை.

நாளத்தின் வழியே உப்புநீர் ஏற்றினர். எலும்பு கரைவதைத் தடுக்கும் சோலிட்ரானிக் அமிலமும் செலுத்தினர். நான்காம் நாள் சென்றபோது, "எப்ப வந்தீங்க சாமி?" என்றார். அந்த மாலை அவர் நினைவிலேயே இல்லை. நானும் சொல்லவில்லை.

இது நோய் முதிர்ந்ததன் அடையாளம், கால்சியம் மீண்டும் ஏறக்கூடும் என்று மருத்துவர் முன்னமே எச்சரித்திருந்தார். ஏழு வாரம் கழித்து ஏறத்தான் செய்தது. இடைப்பட்ட நாள்களில் ஒப்புரவு அருட்சாதனம் பெற்றார்; பல்லாண்டுகளாகப் பேசாதிருந்த தங்கையை வரவழைத்தார். இருவரும் அதிகம் பேசவில்லை. தங்கைதான் தம்ளரைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் புகட்டினார்.