அலுமினிய வண்டியும் இரும்பு ஃபுட்போர்டும்

வண்டியில் ஏறுவதற்கு ஒரு படி. நாலு போல்ட், ஒரு ஸ்பேனர், அரைமணி நேர வேலை. அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் அந்த வண்டியின் உடம்பு அலுமினியமாகவும், அது ஓடுகிற ஊர் மீஞ்சூராகவும் இருந்தால் கதையே வேறு!

முதலில் ஊரைப் பார்ப்போம். மீஞ்சூருக்குக் கிழக்கே சில கிலோமீட்டரில் கடல். அந்தப் பக்கம் எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்கள், வடசென்னை அனல்மின் நிலையம். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஒன்று 2010-ல் காட்டுப்பள்ளியில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் அதன் திறன். இந்தப் பகுதியின் நிலத்தடி நீரில் கடல் புகுந்தது 1960-களின் கடைசியிலேயே தெரிந்த விஷயம். ஆக, காற்றிலும் உப்பு, தண்ணீரிலும் உப்பு. உப்பாகிப்போன போர் தண்ணீரில் வண்டியைக் கழுவினால் கழுவிய பலன் பாதிதான்.

சரி, அலுமினியம் எதற்கு? எடை! இரும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அது. வண்டியில் குறைகிற ஒவ்வொரு கிலோவும் சரக்குக்குக் கிடைக்கிற ஒரு கிலோ. 1948-ல் வந்த லேண்ட் ரோவருக்கு அலுமினிய உடம்பு கொடுத்ததற்குக் காரணம், போருக்குப் பிறகு பிரிட்டனில் இருந்த இரும்புத் தட்டுப்பாடு. அமெரிக்காவின் ஃபோர்டு எஃப்-150 பிக்கப் 2015 மாடலில் அலுமினிய உடம்புக்கு மாறியபோது ஏறக்குறைய 300 கிலோ வரை எடை குறைந்தது. இரண்டிலும் சேஸிஸ் மட்டும் இரும்புதான்.

நம் ஊர் பிக்கப்புகளில் கேபின் பெரும்பாலும் இரும்புத் தகடு. ஆனால் மீன், பால் ஏற்றும் வண்டிகளின் பின்னால் இருக்கும் மூடிய பெட்டியைப் பாருங்கள், பல வண்டிகளில் அலுமினியத் தகடு. ஃபுட்போர்டுக்கே அலுமினிய செக்கர் பிளேட் போடுவதும் உண்டு. எப்படிப் போட்டாலும் ஏதோ ஓர் இடத்தில் இரும்பும் அலுமினியமும் தொட்டுக்கொள்ளும். பிரச்சினை அங்கேதான் ஆரம்பம்.

இது புதிய பிரச்சினை அல்ல. 1761-ல் பிரிட்டிஷ் கடற்படை 'அலாரம்' என்ற போர்க்கப்பலின் அடிப்பகுதிக்குச் செம்புத் தகடு போர்த்தியது. ஆணிகள் இரும்பு. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் செம்பு அப்படியே இருக்கிறது, இரும்பு ஆணிகள் பல இடங்களில் கரைந்துபோயிருந்தன. ஆனால் சில ஆணிகள் மட்டும் நன்றாக இருந்தன. ஏன் தெரியுமா? தகடு சுற்றி வந்த பழுப்புக் காகிதம் அந்த இடங்களில் கிழியாமல் இரண்டு உலோகத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருந்தது! ஒரு காகிதம் செய்த வேலை.

இரண்டு வெவ்வேறு உலோகங்கள், நடுவே உப்பு ஈரம். அது ஒரு சின்ன பேட்டரி. 1800-ல் வோல்டா செய்து காட்டிய அதே தத்துவம். இந்த பேட்டரியில் ஒரு உலோகம் தன்னையே கொடுத்து மற்றதைக் காப்பாற்றும். செம்பும் இரும்பும் சேர்ந்தால் போவது இரும்பு. இரும்பும் அலுமினியமும் சேர்ந்தால் போவது அலுமினியம். துருவைப் போலச் சிவப்பாக வராது. வெள்ளைப் பொடியாக, பெயின்டுக்கு அடியில் கொப்புளமாக வரும். அதனால் பலர் கவனிப்பதில்லை.

அப்படியானால் எப்படி மாட்டுவது?

1. மிதிக்கிற ஆளின் பாரம் அலுமினியத் தகட்டில் இறங்கக் கூடாது. சேஸிஸிலோ, கம்பெனி கொடுத்திருக்கும் துளைகளிலோதான் பிராக்கெட் நிற்க வேண்டும். மூட்டையோடு குதித்து இறங்கும் லோடுமேனின் பாரம் அவருடைய எடையைவிடப் பல மடங்கு.

2. துளை போட்டே ஆக வேண்டுமென்றால், பிசிறை நீக்கி, இரும்புத் தூளைத் துடைத்து, தெரியும் வெறும் உலோகத்துக்கு பிரைமர் அடிக்க வேண்டும்.

3. இரண்டு உலோகத்துக்கும் நடுவே ரப்பர் அல்லது நைலான் ஷீட், போல்ட்டைச் சுற்றி நைலான் புஷ். 'அலாரம்' கப்பலின் காகிதம் இதுதான்!

4. பித்தளை போல்ட் வேண்டவே வேண்டாம். துத்தநாகப் பூச்சுள்ள போல்ட் நல்லது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பளபளப்பாக இருக்கும், தான் கெடாது, பக்கத்தில் இருக்கும் அலுமினியத்தைக் கெடுத்துவிடும். அதைப் போட்டால் நைலான் வாஷர் கட்டாயம்.

5. அலுமினியம் மெத்து உலோகம். பெரிய வாஷர் வைத்து, அளவாக முறுக்க வேண்டும். சில நாள் ஓடியபின் மறுபடி இறுக்கம் பார்க்க வேண்டும்.

'போல்ட் எதுக்கு, வெல்டிங் வச்சிடலாமே' என்பவர்களும் உண்டு. இரும்பையும் அலுமினியத்தையும் சாதாரண வெல்டிங்கில் ஒட்ட முடியாது. அலுமினியத்தோடு அலுமினியத்தை ஒட்டுவதே தனி வித்தை. அலுமினியம் 660 டிகிரியில் உருகும், அதன் மேல் படிந்திருக்கும் ஆக்சைடு படலமோ 2000 டிகிரியைத் தாண்டித்தான் உருகும்.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் சொன்ன அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதனால் வண்டியின் அகலத்தைத் தாண்டி நீட்டாமல், கம்பெனி தரும் ஃபுட்போர்டையே வாங்குவது புத்திசாலித்தனம். அதே சட்டத்தின் 123-வது பிரிவு ஃபுட்போர்டில் நின்று பயணம் செய்வதைத் தடுக்கிறது. நிற்க விடும் ஓட்டுநருக்கும் அது பொருந்தும். 'படியில் பயணம் நொடியில் மரணம்' என்பது பஸ்ஸுக்கு மட்டும் எழுதியதல்ல.

வணிகவியல் பாடத்தில் தேய்மானத்துக்கு நேர்கோட்டு முறை, குறைந்துசெல் மதிப்பு முறை என்று கணக்குகள் உண்டு. உப்புக்கு இந்த இரண்டும் தெரியாது. அது கணக்கேட்டைப் பார்த்து அரிப்பதில்லை. போல்ட்டுக்கு அடியில் ஓசையில்லாமல் தின்றுவிட்டு, ஒரு நாள் காலை வைக்கும்போது படியைக் கழற்றிவிடும். விழப்போவது வண்டி முதலாளி அல்ல, பெரும்பாலும் நாள் கூலிக்கு மூட்டை இறக்கும் ஒருவர். அவருடைய முழங்காலுக்கு முன்னால் சில ரூபாய் நைலான் வாஷர் ஒரு செலவே இல்லை. மாதம் ஒருமுறை குனிந்து பார்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, வெள்ளைப் பொடி தெரிந்தால் உடனே கழற்றிச் சரிசெய்தால் போதும்.